ஆஸ்பத்திரி வாசலில் ஒரு விமான டிக்கெட்

(பிள்ளைகள் வெளிநாட்டில் வசிக்கும் பெற்றோருக்காகத் திருச்சியில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த ஊரில் டிக்கெட் போடும் தொழிலிலேயே தலை நரைத்தவன் நான். டிக்கெட் வாங்குவது எப்படி என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதைக் கைப்பேசியிலேயே முடித்துவிடுகிறீர்கள். வாங்கிய டிக்கெட் கையில் இருக்கும்போது வீட்டில் ஒருவர் திடீரென்று ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் என்ன செய்வது? அந்தத் தவிப்போடு வந்த குடும்பங்களோடு உட்கார்ந்து யோசித்த பழக்கம் எனக்கு உண்டு. அதில் தெரிந்துகொண்டதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

அந்த ஃபோன் பெரும்பாலும் ராத்திரியில் வரும். எடுத்தவுடன், "சார், டிக்கெட்டக் கேன்சல் பண்ணிடுங்க" என்பார்கள். விமானம் என்றைக்கு என்று கேட்டால் இன்னும் பத்துப் பதினைந்து நாள் இருக்கும். அன்று ராத்திரியே ரத்து செய்வதால் படுத்திருப்பவருக்கு ஒரு நன்மையும் இல்லை. ஆனாலும் அவசரப்படுகிறார்கள். அது எனக்குப் புரிகிறது. ஐசியு கதவு சாத்தியிருக்கிறது, உள்ளே நடப்பதில் நம் கைக்கு எட்டுவது எதுவுமில்லை. எட்டுகிற ஒரே காரியம் அந்த டிக்கெட். அதோடு, அம்மா இப்படிக் கிடக்கையில் பெட்டியில் ஒரு அமெரிக்கா டிக்கெட் இருப்பதே குற்றம் போல உறுத்துகிறது. அந்த உறுத்தலை நான் மதிக்கிறேன். அது சொல்வதைக் கேட்டு அந்த ராத்திரியில் டிக்கெட்டில் கை வைக்காதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

உங்களில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். விமானத்தில் உங்கள் சீட்டை விட்டுக்கொடுப்பது வேறு, டிக்கெட்டை ரத்து செய்து பணத்தைத் திரும்பக் கேட்பது வேறு. வழக்கமான பெரிய விமான நிறுவனங்களின் பல டிக்கெட்டுகளில், விமானம் புறப்படும் முன் சீட்டை மட்டும் விட்டுக்கொடுத்து டிக்கெட்டை உயிரோடு வைத்திருக்கலாம். எங்கள் தொழிலில் இதை ஓபனில் வைப்பது என்போம். பெரும்பாலும் டிக்கெட் வாங்கிய நாளிலிருந்து ஒரு வருடம் வரை அதற்கு மதிப்பு இருக்கும். பிறகு வேறு தேதிக்கு மாற்றிக்கொள்ளலாம். மலிவு விலை நிறுவனங்களில் இந்த வசதியை எதிர்பார்க்க முடியாது. எது எப்படி என்பது உங்கள் டிக்கெட்டின் கட்டண விதிகளில் இருக்கிறது. அதைப் படித்துச் சொல்லுங்கள் என்று டிக்கெட் போட்டவரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கணக்கு எப்படி வரும் என்பதற்கு ஒரு உதாரணம் மட்டும். 90,000 ரூபாய் டிக்கெட். ரத்து செய்தால் 35,000 திரும்பி வரும் என்று வையுங்கள். தேதியை மாற்ற 15,000 கட்டணம், புதுத் தேதியின் விலை வித்தியாசம் 20,000. மாற்றினால் கையைவிட்டுப் போவது 35,000. ரத்து செய்துவிட்டு இரண்டு மாதம் கழித்து 1,10,000-க்குப் புது டிக்கெட் வாங்கினால் கூடுதலாகப் போவது 75,000. போகவே போவதில்லை என்றால் ரத்துதான் சரி. ஆனால் அந்த முதல் ராத்திரியில் அது யாருக்குத் தெரியும்?

ஒரு காரியத்தை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. விமானம் கிளம்புவதற்கு முன், எதையாவது செய்து முடித்திருக்க வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் போகாமல் இருந்துவிட்டால் அதற்குப் பெயர் நோ-ஷோ. அபராதம் கூடும், பல டிக்கெட்டுகளில் பணம் முழுவதும் போய்விடும். திரும்பி வரும் பயணமும் தானாக ரத்தாகிவிடும். "போறதுக்குத்தான் முடியல, வர்றதுக்கு அந்த டிக்கெட் இருக்குல்ல?" என்று என்னிடம் கேட்டவர்கள் நிறையப் பேர். முதல் பகுதியில் ஏறாவிட்டால் மீதிப் பகுதிகளும் செல்லாது. சென்னையிலிருந்து ஏறிக்கொள்ளலாம் என்று திருச்சி-சென்னைப் பகுதியை விட்டுவிட்டால்கூட இதே கதிதான்.

இனி ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். திருவெறும்பூர்ப் பக்கம், ஓய்வுபெற்ற கணவன் மனைவி. மகள் அமெரிக்காவில், பிரசவத்துக்கு நாள் நெருங்குகிறது. இருவருக்கும் டிக்கெட் போட்டாயிற்று; கூடை நிறையப் பிரசவ மருந்தும் பொடியும் தயார். அந்த நேரம் பார்த்து, கூடவே இருக்கும் கணவருடைய அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. "ரெண்டு டிக்கெட்டையும் கேன்சல் பண்ணிடுங்க" என்றார் அவர். பக்கத்தில் நின்ற மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. பேச முடியாது. மாமியார் கிடக்கும்போது மகளிடம் போகிறேன் என்று எந்த மருமகள் வாய்விட்டுச் சொல்வாள்?

நான் அவரை டாக்டரிடம் திருப்பி அனுப்பினேன். பயணம் போகலாமா என்று டாக்டரிடம் கேட்காதீர்கள்; அவர் அதற்குப் பதில் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. அவருக்குத் தெரிந்ததைக் கேளுங்கள் என்றேன். ஆபரேஷன் எப்போது, அதற்குப் பிறகு எந்த நாட்கள் ஆபத்தானவை, எப்போது எழுந்து நிற்பார்கள், எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள், வீட்டில் எத்தனை வாரம் ஆள் துணை வேண்டும். இடுப்பெலும்பு முறிவுக்கு ஓரிரு நாளுக்குள் ஆபரேஷன் செய்துவிடுவதே நல்லது என்பது மருத்துவ வழக்கம். பெரும்பாலும் மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைக்கிறார்கள். அதற்குப் பின் வரும் வாரங்கள்தான் நீளம். கழிவறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போக, பயிற்சி செய்ய வைக்க, வலிக்கிறது என்று அழும்போது பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும். அந்த வேலைக்கு மகன் இருக்கிறார், பகலுக்கு ஒரு உதவியாளர் கிடைப்பார். பிரசவமோ தேதியை மாற்றிக்கொள்ளாது.

எனவே மனைவி மட்டும் குறித்த நாளில் கிளம்பினார். கணவருடைய டிக்கெட் தேதியில்லாமல் நிறுத்திவைக்கப்பட்டது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு, மறந்துவிடாதீர்கள். இருவரும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில் இருந்தார்கள். ஒருவருக்கு மட்டும் மாற்ற வேண்டுமென்றால் முதலில் அந்த பிஎன்ஆரை இரண்டாகப் பிரிக்கச் சொல்ல வேண்டும். பிரிக்காமல் புக்கிங்கை ரத்து செய்யுங்கள் என்றால் இருவருடைய சீட்டும் போய்விடும். பிரித்த பிறகு, போகிறவரின் சீட், சாப்பாடு, வீல்சேர் உதவி எல்லாம் புது எண்ணில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விசாவையும் பார்க்க வேண்டும். அமெரிக்கச் சுற்றுலா விசா பல வருடங்களுக்குச் செல்லும், எத்தனை நாள் தங்கலாம் என்பது அங்கே இறங்கும்போது முடிவாகும். ஆகவே தேதி தள்ளிப்போனால் பாதகமில்லை. ஐரோப்பாவின் ஷெங்கன் விசா அப்படியில்லை. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். டிக்கெட்டை மாற்றிவிட்டு விசாவைப் பார்க்காமல் விட்டால் இரண்டாவது முறையும் பணம் போகும்.

நோய்க்கு நோய் இந்த நாட்கணக்கு மாறும் என்பதால்தான் டாக்டரிடம் கேளுங்கள் என்கிறேன். நம் ஊரில் அடிக்கடி பார்ப்பது டெங்கு. காய்ச்சல் விட்டுவிட்டது, அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார், நான் கிளம்புகிறேன் என்று பிள்ளை பெட்டியைக் கட்டுவான். டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் தணிகிற நேரத்தில்தான் தொடங்குகிறது. அடுத்த ஒன்றிரண்டு நாள் கண்ணுக்குள் வைத்துப் பார்க்க வேண்டும். பெரிய அளவில் பக்கவாதம் வந்தவருக்கு மூளை வீக்கம் உச்சத்தைத் தொடுவது பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள். முதல் நாள் பேசினார், நன்றாக இருக்கிறார் என்பதை வைத்து முடிவெடுக்க முடியாது. மாறாக, மாரடைப்பு வந்து உரிய நேரத்தில் ஸ்டென்ட் வைத்து, வேறு சிக்கல் இல்லாதவர் சில நாட்களில் வீட்டுக்கு வந்துவிடுகிறார். மூன்றுமே அவசரம்தான், ஆனால் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் முடிவு பொருந்தாது.

இனி, அக்கரையில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றி. இங்கேதான் எனக்கு மனத்தாங்கல் அதிகம். கொஞ்சம் கடுமையாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வீடுகளில் இரண்டு பழக்கம் இருக்கிறது. ஒன்று, "அவன்கிட்ட சொல்லாதீங்க, பாவம், அங்க தனியா இருக்கான், பயந்துடுவான்." அப்பாவை ஐசியுவில் வைத்துக்கொண்டு, கைப்பேசியில் "லேசா முடியல, செக்கப்புக்கு வந்திருக்கோம்" என்று சொல்வது. இரண்டாவது, உயிர் போன பிறகு "சீரியஸா இருக்கு, உடனே கிளம்பி வா" என்று சொல்வது. வழியில் உடைந்துபோய்விடக் கூடாது என்ற பாசம்தான் இரண்டிலும் இருக்கிறது. ஆனால் விளைவைப் பாருங்கள். சீரியஸ் என்ற சொல்லுக்கு நம் பிள்ளைகளிடம் ஒரே அர்த்தம்தான் மிஞ்சியிருக்கிறது. உண்மையிலேயே சீரியஸாக மட்டும் இருக்கும்போது அதைச் சொன்னாலும் அவன் நம்பமாட்டான். அங்கேயே கதறிவிட்டு, கிடைத்த விலைக்கு டிக்கெட் வாங்கி ஓடி வருவான். லேசாக முடியவில்லை என்று கேட்டவனோ ஒரு வாரம் கழித்து வந்து, "ஏன்டா முன்னாடியே வரல" என்று சொந்தக்காரர்களிடம் பேச்சு வாங்குவான். தன் அப்பாவைக் கடைசியாகப் பார்ப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியவன் அவன். அந்த முடிவை அவனைக் கேட்காமலே நாம் எடுத்துவிடுகிறோம். எந்தப் பாசத்தின் பெயராலும் அது நியாயமில்லை.

உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். முடிந்தால் டாக்டரையே ஒரு நிமிடம் ஃபோனில் பேச வையுங்கள். டாக்டர் "மணிக்கணக்கில்தான்" என்றால் அன்றைக்குக் கிடைக்கும் விமானத்தில் ஏறட்டும். அங்கே விலையைப் பற்றிப் பேச்சே கிடையாது. சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நேர் விமானத்தில் சுமார் நான்கு மணி நேரம். அங்கிருப்பவன் காலையில் கேட்டு இரவுக்குள் வந்துவிட முடியும். அமெரிக்காவிலிருந்து வருகிறவனுக்கு வீட்டு வாசலை மிதிக்க ஒரு முழு நாளுக்கு மேல் ஆகும். ஃப்ரீசர் பாக்ஸ் வந்த பிறகு பல குடும்பங்கள் கொள்ளி வைக்கப் பிள்ளை வரும்வரை காத்திருக்கின்றன. இஸ்லாமியக் குடும்பங்களில் அடக்கத்தைத் தாமதப்படுத்துவதில்லை. வளைகுடாவில் இருக்கும் பிள்ளை வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே அந்த வீடுகளில், உயிர் இருக்கும்போதே உண்மையைச் சொல்வது இன்னும் முக்கியமாகிறது.

மணிக்கணக்கு இல்லை, சிகிச்சை நடக்கிறது என்றால் நிதானம் வேண்டும். முதல் மூன்று நாளில் எல்லாரும் வந்து குவிகிறார்கள். ஐசியுவில் ஒருவரை மட்டும் சில நிமிடம் பார்க்க விடுகிறார்கள், மற்றவர்கள் வராந்தாவில். பத்தாம் நாள் டிஸ்சார்ஜ் ஆகும்போது எல்லாருடைய விடுப்பும் முடிந்திருக்கும். எழுபது வயது அம்மா தனியாக எண்பது வயது அப்பாவைத் தூக்கி உட்கார வைப்பாள். இரண்டு பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால் ஒருவர் இப்போது வாருங்கள், ஒருவர் டிஸ்சார்ஜ் நாளுக்கு வாருங்கள் என்றுதான் நான் எல்லாருக்கும் சொல்கிறேன். முதலில் வராதவனை ஊர் ஏசும். ஏசட்டும். அவன் வந்து அப்பாவைக் குளிப்பாட்டும் வாரத்தில் ஏசியவர்கள் யாரும் அங்கே இருக்க மாட்டார்கள்.

கிளம்புவதற்கு முன் பிள்ளை திரும்பிப் போகும் வழியையும் பார்க்க வேண்டும். சவூதியில் வேலை செய்பவருக்கு வெளியேறித் திரும்பும் விசா வேண்டும். அதில் உள்ள நாளுக்குள் திரும்பியாக வேண்டும். அமெரிக்காவில் எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதியாகியிருந்தால், இங்கே தூதரகத்தில் புது முத்திரை வாங்காமல் திரும்ப முடியாது. அதற்கு நாள் கிடைக்க எவ்வளவு ஆகுமோ தெரியாது. கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருக்கும் சிலர் முன் அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே வந்தால் விண்ணப்பத்தையே கைவிட்டதாகக் கொள்வார்கள். இதனால் வராமல் போனவர்களும் உண்டு. அவர்களைப் பாசமில்லாதவர்கள் என்று சொல்லாதீர்கள். அங்கே பள்ளிக்கூடம் போகும் குழந்தைகளும் வீட்டுக் கடனும் இருக்கின்றன. அவர்கள் ஃபோனில் அழுவதைக் கேட்டவன் நான்.

நோயாளியையே விமானத்தில் அழைத்துப் போவது வேறு பிரச்சினை. "டிஸ்சார்ஜ் ஆயிட்டார், அப்படியே சிங்கப்பூருக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்" என்பார்கள். வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்வது விமானத்தில் ஏறலாம் என்று ஆகாது. விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். ஏறக்குறைய ஊட்டி, கொடைக்கானல் உயரம். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும்; உடம்புக்குள் அடைபட்ட வாயு சுமார் 30 சதவீதம் விரியும். ஆரோக்கியமானவருக்கு அது தெரியாது. வயிற்றைத் திறந்து ஆபரேஷன் ஆனவருக்கு, நுரையீரல் சவ்வுக்குள் காற்று புகுந்தவருக்கு, விழித்திரை ஆபரேஷனில் கண்ணுக்குள் வாயு நிரப்பியவருக்கு அது ஆபத்து. கண்ணில் வாயு இருப்பவர் அது முழுவதும் கரையும் வரை பறக்கவே கூடாது. இல்லாவிட்டால் பார்வை போகலாம். புதிதாக மாவுக்கட்டு போட்டவர் நீண்ட பயணத்துக்குக் குறைந்தது 48 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வீங்கி ரத்த ஓட்டம் அடைபடலாம். இப்படிப்பட்டவர்களுக்காக விமான நிறுவனங்களிடம் ஒரு மருத்துவப் படிவம் இருக்கிறது. சிகிச்சை தந்த டாக்டர் நிரப்பி, நிறுவனத்தின் மருத்துவப் பிரிவு ஒப்புக்கொண்ட பிறகே பயணம். நோயை மறைத்து ஏற்றிவிடலாமா என்று என்னிடம் கேட்டவர்களுக்கு நான் டிக்கெட் போட்டதில்லை.

பணம் திரும்பி வருவது பற்றிச் சில வார்த்தை. திரும்பக் கிடைக்காத டிக்கெட் என்று எழுதியிருந்தாலும், பயணிக்காத டிக்கெட்டில் அரசு வரிகளையும் விமான நிலையப் பயனர் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்பது நம் விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் விதி. அபராதம் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. ஏஜென்ட் மூலம் வாங்கினாலும் பணத்தைத் திருப்பும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அவரவர் நாட்டு விதி. அமெரிக்கா போகும், வரும் விமானங்களுக்கு 2024-இல் வந்த விதிப்படி, நிறுவனமே விமானத்தை ரத்து செய்தாலோ நேரத்தை 6 மணி நேரமோ அதற்கு மேலோ மாற்றினாலோ, புது நேரம் வேண்டாம் என்பவருக்கு முழுப் பணமும் உண்டு. நீங்கள் அவசரப்பட்டு முதல் வாரமே ரத்து செய்திருந்தால் அந்த வாய்ப்பு போயிற்று. பொறுத்திருக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மருத்துவ அவசரத்துக்காக அபராதத்தைத் தள்ளுபடி செய்வது பெரும்பாலும் நிறுவனத்தின் விருப்பம். கேட்டால் கிடைக்கலாம், கேட்காவிட்டால் கிடைக்காது. ஆஸ்பத்திரியின் தலைப்புத் தாளில், சேர்த்த தேதி, நோயின் பெயர், டாக்டரின் பதிவு எண், முத்திரை எல்லாம் இருக்கும்படி ஒரு கடிதம் வாங்குங்கள். பயணக் காப்பீடு இருந்தால், ரத்து செய்வதற்கு முன்பே அவர்களுக்கு எழுதித் தெரிவியுங்கள். ஏற்கெனவே இருந்த நோய் என்று மறுக்கக்கூடும்; குடும்பம் என்று யார் யாரைச் சேர்த்திருக்கிறார்கள் என்பதையும் பாலிசியில் பாருங்கள், மாமியார் மாமனார் விட்டுப்போயிருக்கலாம்.

யார் என்ன சொன்னாலும் எழுத்தில் வாங்குங்கள். கனடாவில் ஒரு பயணி, 2022-இல் பாட்டி இறந்தபோது, ஏர் கனடாவின் இணையதளத்தில் பதில் சொல்லும் சாட்பாட்டிடம் துக்கச் சலுகை பற்றிக் கேட்டார். முழு விலைக்கு டிக்கெட் வாங்கிவிட்டு 90 நாளுக்குள் விண்ணப்பிக்கலாம் என்றது அது. பயணம் முடிந்து கேட்டபோது, அப்படி விதி இல்லை என்றார்கள். சாட்பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்றுகூட வாதாடினார்கள். அந்த உரையாடலை அவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தார். 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லி 650 டாலருக்குச் சற்று அதிகமாக இழப்பீடு தரச் சொன்னது. அந்தப் படம் இல்லையென்றால் அவர் சொல்வதை யார் நம்பியிருப்பார்கள்?

இன்னும் ஒன்று, இது இந்த வாரமே செய்யக்கூடியது. தள்ளுபடியோ காப்பீடோ கேட்கும்போது, படுத்திருப்பவர் உங்களுக்கு என்ன உறவு என்று நிரூபிக்கச் சொல்வார்கள். பெற்றோர் பெயர் அச்சிட்ட கடைசிப் பக்கம் உங்கள் பாஸ்போர்ட்டில் இருந்தால் அதுவே நல்ல சான்று. இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழ். ஆனால் நம்மவர்களுக்கு ஆதாரில் ஒரு பெயர், குடும்ப அட்டையில் ஒரு பெயர், ஆஸ்பத்திரிச் சீட்டில் கூப்பிடும் பெயர். இனிஷியல் ஒரு இடத்தில் முன்னால், ஒரு இடத்தில் பின்னால், ஒரு இடத்தில் விரித்து எழுதியிருக்கும். வீட்டுக்குப் போனதும் இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது ஆதாரில் உள்ள பெயரையே கொடுங்கள். பிள்ளைகளின் பாஸ்போர்ட், விசாப் பக்கங்களின் நகல் உங்கள் கைப்பேசியிலும், உங்களுடையது அவர்களிடமும் இருக்கட்டும்.

எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது. அவரவர் டிக்கெட்டைப் பற்றிய கேள்விகள் நிறைய இருக்கும் என்று தெரியும். டிக்கெட் நகலைக் கொண்டு வந்தவர்கள் முதலில் வாருங்கள், கட்டண விதிகளைச் சேர்ந்தே படித்துப் பார்க்கலாம்.